கேட்டமரனில் கட்டு எங்கே, மரம் எங்கே?

கேள்வி இதுதான்: ஆங்கிலத்தின் 'கேட்டமரன்' நம்முடைய 'கட்டுமரம்' என்கிறார்கள். ஆனால் படத்தில் பார்த்தால் இரண்டு ஒல்லிப் படகுகளை அருகருகே நிறுத்தி மேலே பாலம் போட்டதுபோல் இருக்கிறது. நம் கரையில் கிடக்கும் கட்டுமரத்துக்கும் அதற்கும் என்ன உறவு? இரட்டைப் படகைக் கண்டுபிடித்தது தமிழர்களா?

சுருக்கமான பதில்: சொல் தமிழ்ச்சொல்தான், சந்தேகமே இல்லை. அந்தச் சொல் இன்று குறிக்கும் படகு தமிழ்ப்படகு அல்ல. நடுவில் ஏறக்குறைய முந்நூறு வருடம் அந்தச் சொல் வெடிகுண்டுப் பெட்டியாகவும், வாயாடிக் கிழவியாகவும், பனியில் விறகு இழுக்கும் சறுக்கு வண்டியாகவும் இருந்திருக்கிறது. அந்த வழியைப் பார்த்தால்தான் இரண்டும் எங்கே பிரிந்தன என்பது புரியும்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். கட்டுமரம் என்பது படகே அல்ல, மிதவை. படகு மிதப்பது உள்ளே காற்று இருப்பதால். கட்டுமரம் மிதப்பது மரம் தண்ணீரைவிட எடை குறைந்தது என்பதால். அல்பீசியா போன்ற எடை குறைந்த மரங்களைச் செதுக்கி, மூன்றோ நான்கோ ஐந்தோ அடுக்கி, முன்னும் பின்னும் குறுக்குக் கட்டை வைத்துத் தேங்காய் நார்க் கயிற்றால் இறுக்குவார்கள். ஆணி கிடையாது. எல்லா மரமும் ஒரே மட்டத்தில் இருக்காது. நடு மரம் சற்றுத் தாழ்ந்தும் ஓர மரங்கள் சற்று உயர்ந்தும் நிற்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆழமில்லாத கரண்டிபோல் தெரியும். அணியத்தில், அதாவது முன்முனையில், மரங்கள் ஒடுங்கி மேல்நோக்கி வளையும். அலையை ஏறுவதற்கு அந்த வளைவு வேண்டும். மரத்துக்கும் மரத்துக்கும் இடையே உள்ள சந்துகளை யாரும் அடைப்பதில்லை. மேலே விழுகிற அலை அந்தச் சந்துகள் வழியே இறங்கிப் போய்விடும். தண்ணீர் நிறைந்து மூழ்கும் ஆபத்து அதற்கு இல்லை, மிதப்பது மரமே என்பதால். இறைக்க வாளியும் வேண்டாம். ஏறிப் போகிறவருக்கு இடுப்புக்குக் கீழே எப்போதும் ஈரம், அவ்வளவுதான்.

அதன் பலவீனமும் மரத்தில்தான் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கன மீட்டர் மரம் 400 கிலோ எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முழுதும் அமிழ்ந்தால் ஏறக்குறைய 1,025 கிலோ கடல்நீரை விலக்கும். ஆக ஆள், வலை, மீன் எல்லாம் சேர்த்து 625 கிலோ வரை தாங்கும். அதே மரம் 200 லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டால் தாங்கும் எடை 425 கிலோவுக்கு இறங்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அதனால்தான் கரையேறியதும் கட்டை அவிழ்த்து ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியே காயப்போடுவது. கட்டுமரத்தில் 'கட்டு' என்பது நிரந்தரமான கட்டு அல்ல, தேவைக்குக் கட்டி, தேவை முடிந்ததும் அவிழ்ப்பது. 'கட்டு' என்ற வினையடியோடு பெயர் சேரும் வினைத்தொகையாக இதைக் கொண்டால், கட்டிய மரம், கட்டுகிற மரம், கட்டும் மரம் என்று மூன்று காலமும் பொருந்தும். இலக்கண நூலுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கரையில் இருப்பவர்கள் பெரும்பாலும் 'மரம்' என்றே சொல்வார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். கடைசியில் அது தேவைப்படும்.

ஐரோப்பியர் கண்ணில் இது பட்டதற்குக் காரணம் சோழமண்டலக் கரையின் அலை. சென்னை போன்ற இடங்களில் இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். நடுவே உடைந்து புரளும் அலையைக் கப்பலின் சொந்தப் படகு தாண்டினால் பலகை பிளந்துவிடும். சரக்கும் பயணிகளும் மசூலாப் படகில் வந்தார்கள். பலகைகளைக் கயிற்றால் தைத்து, அடித்தால் நெளிந்துகொடுக்கும்படி செய்த படகு அது. மசூலாவும் போகமுடியாத கடலில் கட்டுமரம் போனது. கப்பல் தலைவருக்கான கடிதத்தை ஓலையில் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் வைத்து எடுத்துப்போவார்கள். அலை புரட்டிப்போட்டாலும் ஆள் மறுபடி மரத்தில் ஏறிக்கொள்வார், கடிதம் நனையாது. இங்கிலாந்திலிருந்து மாதக்கணக்கில் பயணம் செய்து வந்தவர்களுக்குச் சென்னையின் முதல் காட்சியே இதுதான். ஊர் திரும்பியவர்கள் எழுதாமல் இருப்பார்களா?

எழுத்தில் இதை முதலில் பிடித்தவர்களில் ஒருவர் வெனிஸ் நகை வணிகர் காஸ்பரோ பால்பி. 1583இல் அவர் விவரிப்பது ஏழு உருண்டை மரங்களைச் சேர்த்துக் கட்டியது: ஐந்து மரம் அடித்தளம், நடுவில் உள்ளது மற்றவற்றைவிட நீளமாகி நீரைக் கிழிக்கும், இன்னொன்று பின்பக்கம் தண்ணீருக்குள் இருக்கும், அதன்மேல் ஓர் ஆள். பெயர் 'கத்தமெரோனி' என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. ஏழு மரம் என்பது மிகையல்ல. கோலா மீனுக்குத் தொலைவு போகும் பெரிய 'கோலா மரம்' ஏழு மரத்தில்தான் கட்டப்பட்டது. 1673இல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜான் ஃப்ரையர் நடுவில் பாயும் கையில் துடுப்புமாகச் சரக்கு ஏற்றி வரும் மரங்களைப் பார்த்தார். 1697இல் அச்சான தன் பயண நூலில் வில்லியம் டேம்பியர் சொல்வது வேறு: ஒன்றோ இரண்டோ மரம், பாய் இல்லை, சுக்கான் இல்லை, ஒரே ஆள், காலும் பிட்டமும் எப்போதும் தண்ணீருக்குள், தூரத்தில் பார்த்தால் மீன் முதுகில் மனிதன் உட்கார்ந்திருப்பதுபோல். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. மூவரும் பார்த்தது மூன்று அளவு மரம்.

சொல்லின் ஒலி எப்படித் திரிந்தது என்பதும் சுவையானது. 'ட்டு' என்பதில் கடைசி உகரம் நம் பேச்சிலேயே பாதிதான் ஒலிக்கும். ஐரோப்பியக் காதில் அது வெறும் அகரச் சாயலாகிவிட்டது. 'மரம்' எப்படி 'மரன்' ஆனது என்று பலர் கேட்கிறார்கள். எழுத்தில் மகரமெய் இருந்தாலும் பேச்சில் உதடு முழுதாக ஒட்டுவதில்லை, ஓசை மூக்கிலேயே நின்றுவிடும். 'மரம்' என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள், தெரியும். அந்த மூக்கொலியைத்தான் பால்பியிலிருந்து எல்லோரும் 'ன்' என்று எழுதினார்கள். பிரெஞ்சுப் பாதிரிமார் கடிதங்களில் அது 'கத்திமரோன்'. ஆங்கிலேயர் கூடுதலாகச் செய்தது கடைசி அசையை அழுத்தியது. 1886இல் வந்த, இந்தியாவில் ஆங்கிலேயர் வழங்கிய சொற்களுக்கான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி அந்த அழுத்தம் சரியல்ல என்று அப்போதே குறித்துவைத்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

மாலுமிகள் ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு போனால் அது சொந்த ஊரில் குறித்த பொருளோடு நிற்காது. பதினெட்டாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆங்கில மாலுமிக்குக் கேட்டமரன் என்றால் எந்த ஊர் மிதவையும்தான்: தென் அமெரிக்கக் கரையில் பார்த்தது, கப்பல் உடைந்தால் பாய்மரக் கழிகளைச் சேர்த்துக் கட்டி உயிர் பிழைப்பது, எல்லாம். 'கட்டியது' என்ற பொருள் மட்டும் மிஞ்சியது, அதுவும் யாருக்கும் தமிழ் தெரிந்ததனால் அல்ல.

பிறகு வந்தது 1804. ஆங்கிலக் கால்வாயின் அக்கரையில், பூலோன் துறையில், நெப்போலியனின் படையெடுப்புக் கப்பல்கள் குவிந்து நின்றன. அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் ஃபுல்டன், பின்னாளில் நீராவிப் படகால் பெயர் பெற்றவர், முதலில் நெப்போலியனிடமே தன் நீர்மூழ்கியை விற்கப் பார்த்தார். அது நடக்காமல் போகவே இங்கிலாந்துக்கு வந்தார். அவர் கொடுத்த ஆயுதம் ஒரு பெட்டி. சுமார் 21 அடி நீளம், மூன்றடிக்குச் சற்று மேல் அகலம், இரு முனையும் ஆப்புபோல். உள்ளே ஈயத் தகடு, வெளியே தார் பூசிய கித்தான், வயிற்றில் ஏறக்குறைய நாற்பது பீப்பாய் வெடிமருந்து, அதோடு ஒரு கடிகார இயந்திரம். முளையைப் பிடுங்கினால் சில நிமிடத்தில் வெடிக்கும். மேல்பரப்பு நீர்மட்டத்தோடு மட்டமாக இருக்கும்படி பாரம் ஏற்றியிருந்தார்கள். பாய்மரம் இல்லை, இன்னொரு படகு இழுத்துப்போய் விட வேண்டும். மறுமுனையில் தக்கை கட்டிய கொக்கி எதிரிக் கப்பலின் நங்கூரக் கயிற்றில் மாட்டிக்கொள்ளும் என்பது திட்டம். பார்வைக்கு மகோகனி மரக்கட்டைபோல் இருந்தது என்று அக்காலக் குறிப்பே சொல்கிறது. நீரோடு நீராகக் கிடக்கும் கட்டை, மேலே எதுவும் இல்லை. சென்னைத் துறையைப் பார்த்த மாலுமிகள் கப்பற்படையில் ஏராளமாக இருந்த காலம் அது. கேட்டமரன் என்று பெயர் விழுந்ததில் வியப்பில்லை.

அக்டோபர் 2 இரவு அட்மிரல் கீத் தலைமையில் அவற்றை விட்டார்கள். சத்தம் பலமாகக் கேட்டது, சேதம் மிகக் குறைவு. பெரும்பாலான பெட்டிகள் கப்பல்களுக்கு இடையே மிதந்துபோய் வெறும் தண்ணீரில் வெடித்தன. கொக்கி பிடிக்கவில்லை என்றால் கடிகாரம் காத்திருக்காது, அதுதான் கோளாறு. லண்டனில் இதைக் 'கேட்டமரன் படையெடுப்பு' என்று கேலிசெய்தார்கள். அந்தச் சில மாதங்கள் இங்கிலாந்தில் கேட்டமரன் என்றால் பலருக்குத் தோற்றுப்போன வெடிப்பெட்டிதான். 1805 அக்டோபர் 15 அன்று வால்மர் கடற்பகுதியில் டொரோதியா என்ற பழைய கப்பலை ஃபுல்டன் இரண்டாகப் பிளந்து காட்டினார்; முறை வேலைசெய்தது. ஆறு நாள் கழித்து டிரஃபால்கர் கடற்போர். பிரெஞ்சுக் கப்பற்படையே நொறுங்கியபிறகு பெட்டிக்கு யார் காசு கொடுப்பார்கள்?

இந்தத் திட்டத்தில் இன்னொரு சின்னக் கருவியும் இருந்தது, அதற்கும் அதே பெயர். சுமார் ஒன்பதடி நீளமுள்ள இரண்டு மரங்களை இணையாக வைத்து, நடுவில் ஒரு குறுக்குக் கட்டை. அதில் ஆள் உட்கார்ந்தால் கழுத்தளவு தண்ணீரில் அமிழ்ந்து இருட்டில் தெரியாமல் போகலாம். இணையாக இரண்டு, நடுவே இடைவெளி. பின்னாளைய பொருளுக்கு இதுதான் வித்து என்று சொல்லமாட்டேன்; அப்படி ஒரு தொடர்ச்சி எழுத்தில் இல்லை. ஆனால் எழுபது வருடம் முன்பே அந்த வடிவத்துக்கு அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டியிருக்கிறது.

இதே காலத்தில் கொச்சை வழக்கில் கேட்டமரன் ஒரு வசைச்சொல்லாகவும் இருந்தது. 1811இல் வெளியான கொச்சைச்சொல் அகராதி, எலும்பும் தோலுமான கிழவி என்று பொருள் தந்துவிட்டு, உடைந்த கப்பலிலிருந்து தப்பக் கழிகளைச் சேர்த்துக் கட்டும் மிதவையிலிருந்து வந்தது என்கிறது. எலும்பெல்லாம் கட்டிவைத்த கழிபோல் தெரியும் உருவம், அதுதான் உவமை. பிறகு உருவம் போய்க் குணம் வந்தது: சண்டைக்காரி, நச்சரிப்பவள். பூனையைக் குறிக்கும் 'கேட்' என்ற ஓசை சொல்லின் தலையில் இருப்பது இதற்கு உதவியிருக்கும். நம்மூரில் சூர்ப்பனகை என்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பற்படை நாவலாசிரியர் மாரியட்டின் பாத்திரம் ஒருத்தியைக் குடிகாரக் கிழட்டுக் கேட்டமரன் என்று திட்டுகிறது. பழைய ஆங்கில நாவலை மொழிபெயர்க்கிறவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது. வீட்டு வரவேற்பறையில் கேட்டமரன் நுழைந்தால் அங்கே கடல் இல்லை, மாமியார் இருக்கிறார்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் இந்தச் சொல் தரையேறிவிட்டது. அங்கே கேட்டமரன் என்பது முன்புறம் வளைந்த இரண்டு தடித்த மரச் சறுக்குகளின்மேல் குறுக்குக் கட்டைகள் வைத்த பனி வண்டி. காட்டிலிருந்து விறகு இழுக்க. ஆங்கிலக் கப்பல் தளங்களில் கப்பல் பக்கவாட்டில் சுவரோடு உரசாமல் நடுவே மிதக்கவிடும் கட்டைத் தளத்துக்கும் இந்தப் பெயர் உண்டு. இலங்கையில் நடந்தது வேறு வகைக் குழப்பம். சிங்களக் கரையின் 'ஒருவ' என்பது ஒல்லியான படகின் ஒரு பக்கத்தில், இரண்டு வளைந்த கழிகளின் நுனியில், துணைக் கட்டை ஒன்று மிதக்கும் அமைப்பு. கட்டுமரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் பழைய கொழும்பு அஞ்சலட்டைகளில் ஒருவப் படத்தின் கீழே கேட்டமரன் என்று அச்சடித்திருப்பதைப் பார்க்கலாம். வெள்ளைக்காரப் பயணிக்கு இரண்டு மிதவை, நடுவே கட்டு, போதும்.

சரி, இரட்டைப் படகு எங்கிருந்து வந்தது? பசிபிக்கிலிருந்து. பாலினீசியர்கள் இரண்டு ஓடங்களை இடைவெளி விட்டுக் குறுக்குக் கட்டைகளால் பிணைத்து, மேலே தளமிட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடலைக் கடந்து தீவு தீவாகக் குடியேறினார்கள். ஹவாய் மொழியில் அதன் பெயர் 'வஆ கௌலுவா'. 1976இல் ஹொக்குலேயா என்ற மறுஆக்கப் படகு ஹவாயிலிருந்து தாஹித்திக்குப் போய்ச்சேர்ந்து, பழைய முறைகளாலேயே அது முடியும் என்று காட்டியது. இந்த மரபுக்குத் தமிழ்க் கரையோடு தொடர்பு இல்லை.

ஐரோப்பாவிலும் தனியாக முயன்றார்கள். 1660களில் வில்லியம் பெட்டி என்ற ஆங்கிலேயர் இரட்டை உடல் கப்பல்கள் கட்டினார். அவற்றில் ஒன்று கடலில் புயலோடு போயிற்று. வேடிக்கை என்னவென்றால் நம் ஃபுல்டனே 1814இல் நியூயார்க்கில் நீராவிப் போர்க்கப்பல் ஒன்றை இரண்டு உடலோடு கட்டினார், துடுப்புச் சக்கரம் இரண்டுக்கும் நடுவே பத்திரமாகச் சுழலும்படி. தன் வெடிப்பெட்டியைக் கேட்டமரன் என்று ஊரே அழைத்த மனிதர் உண்மையான இரட்டைக் கப்பல் கட்டியபோது அதை அந்தப் பெயரால் யாரும் அழைக்கவில்லை. பெயரும் பொருளும் அப்போது சந்திக்கவே இல்லை.

சந்தித்தது 1876இல். ரோட் ஐலண்டின் பிரிஸ்டலைச் சேர்ந்த நத்தனியேல் ஹெரஷாஃப் கட்டிய 'அமரில்லிஸ்', சுமார் 25 அடி. இரண்டு ஒல்லி உடல்கள். அவற்றை இறுக்கிப் பூட்டாமல் பந்துக்கிண்ண மூட்டுகளால் இணைத்தார். ஓர் உடல் அலையில் ஏறும்போது மற்றது தன் போக்கில் இறங்கலாம், முறுக்கு விசை சட்டகத்தை உடைக்காது. அந்த ஜூனில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கச் சுதந்திர நூற்றாண்டுப் பந்தயத்தில் அது மற்றப் படகுகளைத் தாண்டி ஓடியது. தோற்றவர்கள் இது படகே அல்ல என்று முறையிட்டார்கள், வெற்றி பறிபோனது. 1877 ஏப்ரல் 10 அன்று காப்புரிமை எண் 189,459 அவருக்குக் கிடைத்தது. இந்த வகைக்குக் கேட்டமரன் என்ற பெயர் அமெரிக்காவில் நின்றுபோனது அந்தச் சமயத்தில்தான். ஏன் அந்தப் பெயர்? 'மரங்களைச் சேர்த்துக் கட்டிய விநோத மிதவை' என்ற பொதுப்பொருள் கையில் தயாராக இருந்தது. புதிய விநோதத்துக்கு அதைத் தூக்கிவைத்தார்கள். பந்தயக் கழகங்கள் இரட்டை உடலை ஒதுக்கிவைத்ததால் ஹெரஷாஃப் ஒற்றை உடலுக்குத் திரும்பி, 1893 முதல் 1920 வரை அமெரிக்கக் கோப்பை என்ற பாய்மரப் படகுப் பந்தயத்தில் கோப்பையைக் காத்த படகுகளை வடிவமைத்தார்.

அதன்பின் எழுபது வருடம் பெரிய அசைவு இல்லை. 1947இல் ஹவாயில் உட்டி பிரவுனும் கூட்டாளிகளும் பசிபிக் மரபைப் பார்த்து ஒட்டுப்பலகையில் 'மனு காய்' கட்டினார்கள். 1950களில் இங்கிலாந்தில் பிரவுட் சகோதரர்களின் 'ஷியர்வாட்டர்', பிறகு கலிபோர்னியாவில் ஹோபி ஆல்டரின் கண்ணாடியிழைப் படகுகள். ஹோபி 16 வகையின் நீளம் 5.05 மீட்டர், அகலம் 2.41 மீட்டர், எடை 145 கிலோ. இந்த மூன்று எண்களிலேயே இரட்டை உடலின் சூத்திரம் இருக்கிறது. ஒல்லியான உடல் தண்ணீரைக் குறைவாகக் கிளறும். அகலத்தில் நிலைப்பு கிடைத்துவிடுவதால் அடியில் ஈயம் சுமக்கவேண்டாம். அதனால் எடை குறைவு. கோளாறும் அங்கேயேதான். காற்று ஓர் உடலைத் தூக்கி ஒரு கோணத்தைத் தாண்டிவிட்டால் திரும்பி உட்காராது, கவிழ்ந்தபடியே உறுதியாக நின்றுவிடும். பின்காற்றில் வேகம் மிஞ்சினால் காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்து மூக்கு அலையில் குத்தி, பின்பக்கம் தலைக்குமேல் போகும். கட்டுமரம் கவிழ்ந்தால் புரட்டி ஏறிக்கொள்ளலாம், ஓட்டை விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. கேட்டமரனின் உடல் உள்ளீடற்றது, ஓட்டை விழுந்தால் தண்ணீர் நிறைய ஆரம்பிக்கும். இயற்பியலில் இரண்டும் எதிரெதிர்.

வேகக் கப்பல்களில் இதற்குப் பெரிய பெயர் கிடைத்தது 1990இல். தாஸ்மானியாவில் கட்டிய 74 மீட்டர் 'ஹோவர்ஸ்பீட் கிரேட் பிரிட்டன்' அட்லாண்டிக்கை 3 நாள் 7 மணி 54 நிமிடத்தில் கடந்து, 1952இல் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' கப்பல் வைத்த சாதனையை முறியடித்தது. இந்தப் பொருளில்தான் சொல் மற்ற மொழிகளுக்கும் போனது. ரஷ்யாவில் பூங்கா ஏரியில் குடும்பத்தோடு மிதிக்கும் மிதிபடகுக்குப் பெயர் 'கத்தமரான்'.

நாற்பதுகளில் இன்னொன்று நடந்தது, எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த இடம். உக்ரைனில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த விக்டர் செட்செட் மூன்று உடல் படகு கட்டி, அதற்கு 'ட்ரைமரன்' என்று பெயர் வைத்தார். மூன்றைக் குறிக்கும் 'ட்ரை', அதோடு 'மரன்'. தமிழ் தெரியாமலே சொல்லைச் சரியான மூட்டில் வெட்டிவிட்டார்: கட்டு | மரம். இப்போது ஐந்து உடலுக்கு 'பென்டமரன்' என்றும் ஓடுகிறது. ஆங்கிலத்தில் 'மரன்' என்றால் படகின் உடல் என்று பொருள் வந்துவிட்டது. 'கட்டு' என்பது சொல்லாமலே 'இரண்டு' ஆகிவிட்டது. நம் கரையில் 'மரம்' என்றால் முழு மிதவை, அங்கே 'மரன்' என்றால் அதில் ஒரு பங்கு.

அடுத்து, சோழர் விவகாரம். கட்டுமரத்தைப் பயன்படுத்திச் சோழர்கள் ஐந்தாம் நூற்றாண்டிலேயே தென்கிழக்காசியாவை வென்றார்கள், இன்றைய கேட்டமரன் போர்க்கப்பல்கள் அதன் வாரிசு என்று ஒரு பத்தி இணையமெங்கும் நகலாகிக் கிடக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் பேரரசுச் சோழர்களே இல்லை. இராஜேந்திரனின் கடாரப் படையெடுப்பு 1025. மேலே போட்ட மிதப்புக் கணக்கை வைத்துப் பார்த்தாலே யானையும் படையும் அரிசியும் நீரும் ஏற்றிக்கொண்டு வங்கக் கடலைக் கடக்கிற கலம் கட்டுமரமாக இருக்கமுடியாது என்று தெரியும். பெரிய கப்பல்களும் இருந்தன, சிறிய மிதவைகளும் இருந்தன. வேலை வேறு வேறு. சங்கப் பாட்டிலேயே மிதவைக்குப் புணை, மீன்பிடி கலத்துக்குத் திமில், பெருங்கலத்துக்கு நாவாய் என்று சொற்கள் பிரிந்தே நிற்கின்றன. உடையும் அலையைப் பல நூறு வருடம் தாண்டிய ஒரு கருவிக்குப் பெருமை சேர்க்கக் கடாரம் தேவையில்லை.

மொழிபெயர்ப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஆங்கில மூலத்தின் ஆண்டையும் இடத்தையும் முதலில் பாருங்கள். 1800க்கு முன், இந்தியக் கரை என்றால் கட்டுமரம் என்றே போடலாம். 1804, 1805 கப்பற்படைக் கடிதம் என்றால் வெடிமிதவை. மனிதரைச் சுட்டினால் வசை. நியூஃபவுண்ட்லாந்துக் காடு என்றால் சறுக்கு வண்டி. இலங்கைப் படம் என்றால் துணைக் கட்டை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். 1876க்குப் பின், அதுவும் பந்தயம், பயணிகள் கப்பல், சுற்றுலா என்று வந்தால் 'இரட்டை உடல் படகு' அல்லது நேராகக் 'கேட்டமரன்'. 'கேட்போட்', 'கேட்வாக்' இரண்டுக்கும் இதோடு உறவில்லை. செய்தித்தாள்களில் 'அதிவேகக் கட்டுமரக் கப்பல்' என்று அலுமினியக் கப்பலைப் பற்றி எழுதுவதைத் தவிர்க்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகு பல ஊர்களில் மரத்தின் இடத்தை ஃபைபர் படகு பிடித்துவிட்டது. இன்னும் மரம் கட்டுகிறவர் அந்தத் தலைப்பைப் படித்தால், எத்தனை மரம், எந்த மரம் என்றுதான் முதலில் கேட்பார்.